யாரென்று கேளாத மீட்பு: ‘ட்ராமா டீம்’ காமிக்ஸும் ஓர் அறக்கேள்வியும்

‘சைபர்பங்க் 2077: ட்ராமா டீம்’ நான்கே இதழ்களில் முடிந்த ஓர் அறிவியல் புனைகதைக் காமிக்ஸ் தொடர். அமெரிக்காவின் டார்க் ஹார்ஸ் காமிக்ஸ் நிறுவனம் 2020 செப்டம்பரில் இதன் முதல் இதழை வெளியிட்டது. கதை கல்லன் பன், ஓவியம் மிகேல் வால்டெர்ராமா. கதை நடக்கும் உலகம் இவர்கள் இருவரும் படைத்தது அன்று. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் ‘சைபர்பங்க்’ என்ற விளையாட்டை மைக் பாண்ட்ஸ்மித் 1988இல் உருவாக்கினார். அந்த உலகத்தைப் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் கணினி விளையாட்டாக்கி 2020 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குச் சில மாதம் முன்னால் வந்த காமிக்ஸ் என்பதால் இதை விளம்பரச் சரக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இதன் கதைக்கருவில், மருத்துவ அறம் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசிவரும் மரபுகள் எல்லாம் வந்து மோதும் ஒரு கேள்வி இருக்கிறது.

ட்ராமா டீம் என்பது அந்த உலகத்தின் ஆம்புலன்ஸ் நிறுவனம். அரசு பெயருக்கு மட்டும் மிஞ்சி, பெருநிறுவனங்களே எல்லாவற்றையும் நடத்தும் நைட் சிட்டி என்ற கற்பனை நகரம், கலிஃபோர்னியக் கடற்கரையில் அமைந்திருக்கிறது. அங்கே சந்தா கட்டியவரின் உடலோடு இணைந்த கருவி அவருடைய நாடித்துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அடிபட்டால், சுடப்பட்டால் அது தானே செய்தி அனுப்பும். சில நிமிடங்களில் வானத்திலிருந்து ஒரு பறக்கும் ஊர்தி இறங்கும். அதில் விமானியும் மருத்துவ உதவியாளர்களும் இருப்பார்கள்; தானியங்கித் துப்பாக்கி ஏந்திய காவலர்களும் இருப்பார்கள். வழியில் யார் குறுக்கே நின்றாலும் சுட்டுத் தள்ளிவிட்டு வாடிக்கையாளரைத் தூக்கிக்கொண்டு போவது அவர்கள் பணி. சந்தாவில் படிநிலைகள் உண்டு. எவ்வளவு கட்டினாரோ அவ்வளவுக்குக் காப்பு.

காமிக்ஸின் நாயகி நாடியா அந்த நிறுவனத்தில் உதவி நிலையில் இருக்கும் அவசர மருத்துவப் பணியாளர். ஒரு மீட்புப் பணி துப்பாக்கிச் சண்டையாக மாறி, அவளுடைய குழுவில் அவளைத் தவிர எல்லோரும் செத்துப்போகிறார்கள். வேலையில் தொடர ஒப்புக்கொண்டு புதிய குழுவோடு அடுத்த பணிக்குப் போகிறாள். நூறு மாடி உயரத்தில், எதிரிக் கும்பல் நிரம்பிய ஒரு கட்டடத்திலிருந்து ஒரு வாடிக்கையாளரை வெளியே கொண்டுவர வேண்டும். அந்த வாடிக்கையாளர்தான் அவளுடைய பழைய சகாக்களைக் கொன்றவன். அவன் சந்தா கட்டியிருக்கிறான்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பழிவாங்கும் கதைகளின் தெரிந்த முடிச்சு: எதிரி கையில் சிக்கியிருக்கிறான், கொல்வாளா விடுவாளா? அப்படி மட்டும் வாசித்தால் பாதிதான் கிடைக்கும். நாடியாவின் முன் நிற்பவை இரண்டு கேள்விகள். கொலைகாரன் என்று தெரிந்தவனைக் காப்பாற்ற வேண்டுமா என்பது ஒன்று. உயிர்காக்கும் பணி பணம் கட்டியவருக்கு மட்டும் உரியதாகலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு மருத்துவ அறம் என்ன விடை சொல்லுமோ, அதே விடையைத்தான் ட்ராமா டீமின் ஒப்பந்தமும் சொல்கிறது: காப்பாற்று, அவன் யார் என்று கேட்காதே. உன்னதமான அறமும் கூச்சமற்ற வணிகமும் ஒரே வாக்கியத்தைப் பேசும் இடத்தில் அந்தப் பெண் நிற்கிறாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கே தேடுவது என்பதுதான் இந்தத் தொடரை வாசித்துப் பார்க்கத் தகுந்ததாக்கும் தத்துவச் சிக்கல்.

வித்தியாசம் தெளிவாகத் தெரியும் ஒரு காட்சி காமிக்ஸில் இல்லை. அதே உலகத்தை வைத்து ஜப்பானின் ட்ரிகர் ஸ்டூடியோ 2022இல் எடுத்த ‘சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்’ அசைவூட்டத் தொடரின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் இரு தரப்பு சுட்டுக்கொள்ளும்போது, அதோடு சம்பந்தமில்லாத ஒரு தாயும் மகனும் சென்ற கார் கவிழ்கிறது. தாய் இரத்த வெள்ளத்தில் சாலையில் கிடக்கிறாள். ட்ராமா டீமின் ஊர்தி இறங்குகிறது. பணியாளர்கள் அவளைச் சோதித்துப் பார்க்கிறார்கள், வாடிக்கையாளர் இல்லை என்று உறுதியானதும் தாண்டிப் போகிறார்கள். தூக்கவேண்டிய ஆளைத் தூக்கிக்கொண்டு ஊர்தி கிளம்புகிறது. அந்தத் தாயும் தொழிலால் ஓர் அவசர மருத்துவப் பணியாளரே என்பதைக் கதை சத்தமில்லாமல் சொல்லி வைத்திருக்கிறது. மருந்தும் இருந்தது, கையும் இருந்தது, நேரமும் இருந்தது. அவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி ‘இவள் நல்லவளா’ என்பது. கேட்ட கேள்வி ‘இவள் பெயர் பட்டியலில் உண்டா’ என்பது.

யாரென்று பாராமல் காயத்தை மட்டும் பார்ப்பது என்ற வழக்கம் போர்க்களத்தில்தான் நிறுவனமாக உருப்பெற்றது. நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் ழான் லாரே 1790களில் இலேசான குதிரை வண்டிகளை அமைத்து, சண்டை நடக்கும்போதே காயம்பட்டவர்களை அகற்றத் தொடங்கினார். அவற்றுக்கு அவர் வைத்த பெயரே ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’. பதவியோ படையோ பாராமல், காயம் எவ்வளவு ஆபத்தானது என்பதை வைத்தே சிகிச்சையின் வரிசை அமைய வேண்டும் என்பது அவருடைய விதி. தளபதியின் கீறலுக்கு முன்னால் சிப்பாயின் துண்டான கால். வாட்டர்லூ போருக்குப் பிறகு அவர் பிரஷ்யர்களிடம் சிக்கியபோது, பிரஷ்யத் தளபதி ப்ளூஷரின் மகனுக்கு அவர் முன்பு சிகிச்சை அளித்திருந்தது தெரியவந்ததால் உயிர் தப்பினார் என்று சொல்லப்படுகிறது.

1859 ஜூன் 24 அன்று வடக்கு இத்தாலியின் சோல்ஃபெரினோவில் நடந்த போர், சுவிட்சர்லாந்து வணிகர் ஆன்ரி துய்னானை வேறு மனிதராக்கியது. பக்கத்து ஊரான காஸ்டிலியோனேயில் மாதா கோயில் தரையெல்லாம் காயம்பட்டவர்கள் கிடக்க, ஊர்ப் பெண்கள் எந்த நாட்டுச் சிப்பாய் என்று பிரித்துப் பார்க்காமல் தண்ணீர் கொடுத்துக் கட்டுப்போட்டதை அவர் பார்த்தார். தாமும் சேர்ந்து உழைத்தார். அதை 1862இல் நூலாக எழுதினார். 1863இல் செஞ்சிலுவை இயக்கம், 1864இல் முதல் ஜெனீவா உடன்படிக்கை. இப்போது நடைமுறையில் இருக்கும் 1949ஆம் ஆண்டின் முதல் ஜெனீவா உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, சிகிச்சையில் முந்துரிமை தருவதற்கு அவசர மருத்துவக் காரணம் தவிர வேறு எந்தக் காரணமும் கூடாது என்கிறது. அதே உடன்படிக்கை மருத்துவப் பணியாளர் ஆயுதம் வைத்திருக்கவும் இடம் தருகிறது. ஆனால் தம்மையும் தம் பொறுப்பில் இருக்கும் நோயாளிகளையும் காத்துக்கொள்ள மட்டும். சுட்டுக்கொண்டே இறங்கும் ட்ராமா டீமுக்கு அந்த உடன்படிக்கையில் இடமில்லை.

வானூர்தி இந்த மரபுக்குள் வந்தபின் விமானியும் மருத்துவ அறத்தின் பங்காளி ஆனார். வியட்நாம் போரில் ‘டஸ்ட்ஆஃப்’ என்ற அழைப்புக்குறியோடு பறந்த அமெரிக்க ஹெலிகாப்டர்கள் காயம்பட்டவர்களை அகற்றுவதற்கென்றே இருந்தவை. அந்தப் பிரிவின் தலைவர் மேஜர் சார்லஸ் கெல்லி 1964 ஜூலை 1 அன்று மேகாங் கழிமுகப் பகுதியில் இறங்கியபோது, துப்பாக்கிச் சூடு கடுமையாக இருக்கிறது, திரும்பிப் போங்கள் என்று தரையிலிருந்து வானொலியில் எச்சரித்தார்கள். காயம்பட்டவர்களை ஏற்றிய பிறகு போகிறேன் என்று பதில் சொன்னார். திறந்திருந்த கதவு வழியே வந்த குண்டு அவரைக் கொன்றது. அவர் சொன்ன அந்தப் பதில் டஸ்ட்ஆஃப் விமானிகளின் தாரக மந்திரமாயிற்று. அதில் நோயாளியின் பெயரோ, தகுதியோ, கட்டிய தொகையோ எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கலாம்.

ஆனால் கெல்லியின் வீரத்தைப் பின்பற்றினால் அன்றாட ஆம்புலன்ஸ் சேவை நடத்த முடியாது. இது கசப்பான அனுபவத்தில் தெரியவந்த உண்மை. அமெரிக்காவில் 2002 ஜனவரி முதல் 2005 ஜனவரி வரை மருத்துவப் பணியில் இருந்த வானூர்திகள் 55 விபத்துகளில் சிக்கின. 54 பேர் இறந்தார்கள். இரவிலும் மூடுபனியிலும் ‘எப்படியாவது போய்விடலாம்’ என்று கிளம்பியது முக்கியக் காரணங்களில் ஒன்று. இதற்கு அந்தத் துறை கண்டுபிடித்த மருந்துகளில் ஒன்று தத்துவ மாணவர்கள் கவனிக்கத் தகுந்தது. பல சேவைகளில், கிளம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யும்வரை நோயாளியைப் பற்றி விமானியிடம் சொல்வதில்லை. எங்கிருந்து எங்கே என்பது மட்டும் தெரியும். வயது தெரியாது, நோய் தெரியாது, அது ஒரு குழந்தையா என்றுகூடத் தெரியாது. வானிலை பறக்கத் தோதாக இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் அவர் விடை சொல்ல வேண்டும். தெரிந்தால் மனம் இளகும். மனம் இளகினால் மூடுபனியில் கிளம்புவார். கிளம்பினால் நோயாளியோடு இன்னும் நாலு பேர் சாவார்கள்.

இரக்கம் உள்ளவர் கண்ணைக் கட்டிக்கொள்வதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. இங்கே அறியாமை என்பது அறத்தின் எதிரி இல்லை, அதன் கருவி. நீதிபதி முன்னே நிற்பவரின் சாதியைக் கேட்காமல் இருப்பதும், தேர்வுத்தாள் திருத்துபவர் பெயரைப் பார்க்காமல் இருப்பதும் இதே வகை. மேலும், விமானியின் அறியாமை எல்லோருக்கும் ஒரேபோல் பொருந்துகிறது. கோடீஸ்வரருக்காகவும் அவர் மூடுபனியில் கிளம்ப மாட்டார், அநாதைக் குழந்தைக்காகவும் கிளம்ப மாட்டார். ட்ராமா டீமின் விமானிக்கும் நோயாளியைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தே ஆக வேண்டும், சந்தா நடப்பில் இருக்கிறதா என்பது. வணிகத்தின் குருட்டுத்தனமும் அறத்தின் குருட்டுத்தனமும் பிரிகிற இடம் இது. அறம் எல்லாத் தகவலையும் மறைத்துவிட்டுத் தேவையை மட்டும் திறந்து வைக்கிறது. வணிகம் தேவை உட்பட எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ரசீதை மட்டும் திறந்து வைக்கிறது.

சமயங்கள் இந்தப் பிரிவைத் தம் வழியில் முன்பே தொட்டிருக்கின்றன. லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் நல்ல சமாரியன் உவமை எல்லோரும் அறிந்தது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்ளர்கள் அடித்துப் போட்ட ஒருவனைக் குருவும் லேவியனும் பார்த்துவிட்டு விலகிப் போகிறார்கள். யூதர்கள் மதிக்காத சமாரிய இனத்தவன் ஒருவன் அவனுக்குக் கட்டுப்போட்டு, தன் விலங்கின் மேல் ஏற்றி, சத்திரத்தில் சேர்க்கிறான். பிரசங்கங்களில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம் இதில் உண்டு: அந்தக் கதையில் கட்டணம் இருக்கிறது. சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். சத்திரக்காரன் இலவசமாகச் செய்ய வேண்டும் என்று உவமை கேட்கவில்லை. மருத்துவத்துக்குச் செலவு உண்டு, அதை யாராவது தர வேண்டும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. அடிபட்டவன் தரவேண்டும் என்றோ, முன்கூட்டியே தந்திருக்க வேண்டும் என்றோ மட்டும் அது சொல்லவில்லை. பணம் வந்தது கருணைக்குப் பிறகு.

பௌத்த வினய நூலான மகாவக்கம் சொல்லும் நிகழ்ச்சி இதைவிடக் கூர்மையானது. புத்தரும் அவருடைய சீடர் ஆனந்தரும் விகாரையைச் சுற்றி வரும்போது, வயிற்றுப்போக்கில் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பார்க்கிறார்கள். உன்னை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று புத்தர் கேட்கிறார். நான் மற்றவர்களுக்கு ஒன்றும் செய்து உதவியதில்லை, அதனால் அவர்கள் எனக்குச் செய்வதில்லை என்கிறான் அந்த நோயாளி. அவன் குறை சொல்லவில்லை. கணக்கைச் சொல்கிறான், அவ்வளவுதான். நான் கட்டவில்லை, எனக்குக் கிடைக்கவில்லை. ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, புத்தர் நீர் ஊற்ற ஆனந்தர் கழுவிவிட, ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிப் படுக்கையில் கிடத்துகிறார்கள். பிறகு புத்தர் பிக்குகளைக் கூட்டி, தமக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குப் பணிவிடை செய்யட்டும் என்கிறார். கைம்மாறு என்ற கணக்குப் புத்தகத்தையே அவர் அங்கே மூடிவிடுகிறார். உதவி பெறுவதற்கான தகுதி நோயாளியாக இருப்பது ஒன்றே. ட்ராமா டீமின் சந்தாப் பட்டியல் அந்தப் பிக்குகளின் மனக்கணக்கைக் கணினியில் ஏற்றிய வடிவம் என்று சொன்னால் பிழையாகாது.

தீங்கு செய்தவனுக்கே நன்மை செய்வது பற்றித் தமிழ் வாசகருக்கு உடனே நினைவுக்கு வருவது திருக்குறளின் இன்னா செய்யாமை அதிகாரம். அங்கே வள்ளுவர் சொல்லும் வழி, தீமை செய்தவர் வெட்கப்படும்படி அவருக்கு நல்லது செய்துவிடுவது. ஆனால் அது ஒறுத்தல், அதாவது தண்டனையின் ஒரு வகை. மிக நாகரிகமான தண்டனை. நாடியாவின் நிலைக்கு அது நேராகப் பொருந்தவில்லை. நினைவிழந்து கிடப்பவன் வெட்கப்பட முடியாது. பிழைத்து எழுந்த பிறகும், நான் பணம் கட்டினேன், நீ வந்தாய் என்று சொல்லிவிட்டு அவன் போகலாம். ஒப்பந்தம் அவனுடைய வெட்கத்தையும் முன்கூட்டியே விலைக்கு வாங்கிவிட்டது.

அப்படியானால் அவள் ஏன் காப்பாற்ற வேண்டும்? ஒப்பந்தம் கட்டாயப்படுத்துகிறது என்பது ஒரு விடை. அது அறத்தின் விடையாகாது. வேலையை உதறினால் அந்தக் கட்டாயமும் போய்விடும். தத்துவஞானி கான்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில், எல்லாவற்றுக்கும் ஒன்று விலை இருக்கும் அல்லது மாண்பு இருக்கும் என்று பிரிக்கிறார். விலை உள்ளதற்குப் பதிலாக இன்னொன்றை வைக்கலாம், மாண்பு உள்ளதற்கு மாற்று கிடையாது. அவருடைய கணக்கில் கொலைகாரன்கூடத் தன் மாண்பை முழுதாக இழப்பதில்லை. இதை ஏற்பவர், கட்டட உச்சியில் கிடப்பவனைச் சந்தா இல்லாவிட்டாலும் காப்பாற்ற வேண்டும். அந்த முடிவுக்கு வருபவர் சாலையில் கிடந்த தாயையும் விட்டுவிட்டுப் போக முடியாது. கொலைகாரனைக் காப்பாற்றுவதற்கான ஒரே நேர்மையான காரணம், அந்தத் தாயைக் கைவிட்டதைக் குற்றமாக்கும் காரணமும்கூட. நிறுவனத்தின் சீருடையில் இருந்துகொண்டு அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது என்பதுதான் நாடியாவின் சங்கடம். பழிவாங்கும் ஆசையைவிட இது பெரிய சங்கடம்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் இந்தக் கேள்வியைச் சட்டத்தின் மொழியில் எதிர்கொண்டது. விபத்தில் அடிபட்ட ஒரு ஸ்கூட்டர்க்காரரை, போலீஸ் வழக்காகும் காயங்களைப் பார்க்கத் தனக்கு அனுமதி இல்லை என்று ஒரு மருத்துவமனை வேறிடத்துக்கு அனுப்ப, வழியிலேயே அவர் இறந்துபோன செய்தியே அந்த வழக்குக்கு அடிப்படை. வருபவர் நிரபராதியானாலும் தண்டனைக்குரிய குற்றவாளியானாலும் உயிரைக் காப்பது மருத்துவரின் கடமை என்று நீதிமன்றம் தீர்த்தது. அதற்கு அது கூறிய காரணம் கவனிக்கத்தக்கது. நிரபராதி பாதுகாக்கப்பட வேண்டும், குற்றவாளி சட்டப்படி தண்டிக்கப்பட வேண்டும். இரண்டுக்கும் அவர் உயிரோடு இருக்க வேண்டும். கருணையை நம்பாதவரும் ஏற்கக்கூடிய வாதம் இது. மருத்துவர் நீதிபதியின் வேலையைச் செய்யக் கூடாது என்பதற்கு மேல் அது எதையும் கேட்கவில்லை. ஆனால் நைட் சிட்டியில் இந்த வாதம் நொண்டும். பெருநிறுவனங்கள் ஆளும் ஊரில் பணம் உள்ள கொலைகாரன் எந்த நீதிமன்றத்தின் முன்னும் நிற்கப்போவதில்லை. தண்டிக்க வேறு யாரும் இல்லாத இடத்தில், தண்டிக்காமல் காப்பாற்று என்று ஒரு செவிலியிடமோ விமானியிடமோ கேட்பது மிகக் கனமான கோரிக்கை. காமிக்ஸ் அந்த உலகத்தைத் தேர்ந்தெடுத்ததால்தான் கேள்வி முழு எடையோடு இறங்குகிறது.

அந்த எடையை நிஜ உலகிலும் சிலர் தாங்கியிருக்கிறார்கள். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரத்தின் யூதத் தொழுகைக்கூடம் ஒன்றில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவன் காயத்தோடு பிடிபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது, அவனைக் கவனித்தவர்களில் யூதர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு யூத மதகுருவின் மகனான ஆண் செவிலியர். அவனுக்குச் சிகிச்சை அளித்தபோது தாம் யூதர் என்பதை அவனிடம் சொல்லவில்லை என்றும், அன்பினால்தான் அதைச் செய்ததாகவும் அவர் பிறகு வெளிப்படையாக எழுதினார். குருட்டுத்தனம் இங்கே தலைகீழாகிறது. நோயாளி யார் என்பது செவிலியருக்கு நன்றாகத் தெரியும். தான் யார் என்பதை அவர் மறைத்துக்கொண்டார். வள்ளுவரின் வழியில் அவனை வெட்கப்பட வைக்கும் வாய்ப்பு அவர் கையில் இருந்தும், அதையும் அவர் எடுக்கவில்லை.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. தன் சொந்தக் குடும்பத்தாருக்கு அறுவை செய்ய மருத்துவர்கள் தயங்குவது போல, தன் சகாக்களைக் கொன்றவனைத் தொடச் சொல்லி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கை நடுங்கும், தீர்ப்பு பிசகும், வேறொருவர் செய்யட்டும் என்பது அது. மருத்துவமனையில் இது முற்றிலும் சரி, அங்கே வேறொருவர் இருப்பார். நூறாவது மாடியில் இருக்க மாட்டார். விலகிக்கொள்ளும் உரிமை என்பது, மாற்று ஆள் இருக்கும் இடத்தில் மட்டும் செல்லுபடியாகும் உரிமை. மாற்று இல்லாத இடத்தில் விலகுவது கொல்வதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பதில் தத்துவவாதிகளுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

எதிர்கால ஆம்புலன்ஸ் பற்றிய எல்லாப் புனைகதையும் இப்படி இருண்டதல்ல. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஒயிட் 1957 முதல் எழுதிவந்த ‘செக்டர் ஜெனரல்’ கதைகளில், விண்வெளியில் மிதக்கும் 384 தளங்கள் கொண்ட மருத்துவமனை ஒன்று உண்டு. பலவகைக் கோள்களின் உயிரினங்களும் அங்கே நோயாளிகள், மருத்துவர்களும் அப்படியே. 1979இல் வந்த ‘ஆம்புலன்ஸ் ஷிப்’ நூல் அதன் மீட்புக் கப்பலைப் பற்றியது. புதிதாக வரும் எந்த உயிரினத்தையும் நான்கு எழுத்துக் குறியீட்டால் வகைப்படுத்துவார்கள். நீ யார் என்ற கேள்வி அங்கேயும் கேட்கப்படுகிறது, ஆனால் எந்த வாயுவைச் சுவாசிப்பாய், எந்த வெப்பத்தில் உயிரோடு இருப்பாய் என்று தெரிந்துகொள்வதற்காக. மதக்கலவரமும் குண்டுவெடிப்பும் கண்ட ஊரில் வாழ்ந்து, வன்முறையை வெறுத்த ஒருவர் கண்ட கனவு அது. நைட் சிட்டியோடு ஒப்பிட்டால் ஒயிட்டின் கதைகளில் சண்டை குறைவு, சுவையும் சற்றுக் குறைவுதான். ஆனால் அறிவியல் புனைகதை இந்தப் பொருளில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவை இன்னும் அளவுகோலாக நிற்கின்றன.

ட்ராமா டீமை வெறும் மிகை என்று தள்ளிவிடவும் வழியில்லை. பண்டை ரோமில் கிராஸஸ் என்ற பெருஞ்செல்வர், தீப்பற்றி எரியும் வீடுகளையும் அவற்றின் அக்கம்பக்கத்து வீடுகளையும் அற்ப விலைக்கு வாங்கிச் சேர்த்தார் என்று பண்டை வரலாற்றாசிரியர் புளூடார்க் எழுதியிருக்கிறார். 2010இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சவுத் ஃபுல்டன் என்ற சிற்றூரின் தீயணைப்புப் படை, ஊர் எல்லைக்கு வெளியே ஆண்டுக்கு 75 டாலர் சந்தா கட்டாத ஒரு வீடு எரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. வண்டி வந்திருந்தது. சந்தா கட்டியிருந்த பக்கத்து நிலத்துக்குத் தீ பரவாமல் தடுக்க வந்திருந்தது. வீட்டுக்காரர் எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்று அங்கேயே சொல்லியும் தண்ணீர் பீய்ச்சவில்லை. ‘எட்ஜ்ரன்னர்ஸ்’ காட்சிக்கு இதைவிட நெருக்கமான நிஜம் கிடைப்பது அரிது. பிறகு கட்டுகிறேன் என்பவருக்கெல்லாம் உதவினால் யாரும் முன்கூட்டிக் கட்ட மாட்டார்கள் என்பது நிர்வாகத்தின் தரப்பு. பொருளாதாரமாக அந்த வாதத்தில் தவறில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட பணியைச் சந்தாவில் நடத்தாமல் வரியில் நடத்த வேண்டும்.

வானூர்தி ஆம்புலன்ஸ் நிறுவனங்களும் அமெரிக்காவில் சந்தா விற்கின்றன. ஆனால் ட்ராமா டீமோடு அவற்றை ஒன்றாக எண்ணுவது அநியாயம். சந்தா இல்லாதவருக்காகவும் அவை பறக்கின்றன, சந்தா என்பது பிறகு வரும் பில்லிலிருந்து தரும் விலக்கு மட்டும். அந்த பில் சாதாரணமானதல்ல. அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் கண்டபடி, 2017இல் ஒரு ஹெலிகாப்டர் பயணத்துக்கான இடைநிலைக் கட்டணம் சுமார் 36,400 டாலர். மயங்கிக் கிடப்பவர் விலை விசாரித்து ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுப்பதில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அவசரப் பிரிவுக்கு வரும் யாரையும் பணம் இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து, உயிராபத்து நீங்கும்வரை சிகிச்சை அளிக்க வேண்டும் என்று மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகிறது. அதற்குப் பிறகு வரும் கடனைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. காப்பீடு உள்ளவர்களுக்கு எதிர்பாராமல் வந்து விழும் பில்களைத் தடுக்கும் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, ஹெலிகாப்டரும் விமானமும் அதில் சேர்க்கப்பட்டன. சாலையில் ஓடும் சாதாரண ஆம்புலன்ஸ் சேர்க்கப்படவில்லை.